மூன்றாவது மிஸஸ் வரதராஜன்

பதினான்கு. மறுபடி எண்ணுகிறேன், இந்தத் தடவை விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. காலையில் பதிமூன்றுதானே இருந்தது. இருந்ததா? இருந்தது. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினேன், பதிமூன்று என்று வாய்விட்டே சொன்னேன், இவர் சாக்ஸ் மாட்டிக்கொண்டே "வேற நம்பரே கிடைக்கலையா உனக்கு" என்றார். அப்படியென்றால் பதிமூன்று நிஜம். இப்போது மணி இரண்டு முப்பத்தைந்து, மூன்றரைக்கு டெமோ, கம்ப்யூட்டர் வகுப்பில் எங்கள் பேட்ச்சை நடத்தும் ஜெஸிந்தா மேடமும் ஏதோ கம்பெனியிலிருந்து இரண்டு பேரும் வீடியோவில் வந்து உட்காரப்போகிறார்கள், என் திரையில் ஒரு வரி கூடுதலாக நிற்கிறது. நான் போடவில்லை. நான் போடவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்பது வேறு கேள்வி, அந்தக் கேள்வி பக்கம் போகாமல் இருக்கத்தான் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். நான் எழுதியிருக்கும் ஆப்பின் பெயர் கொடி. துணி காயப்போடுகிற கொடிதான், வேறு பெரிய கவிதையெல்லாம் இல்லை. எங்கள் மொட்டை மாடியில் ஆறு கொடி. கீழே பன்னிரண்டு வீடு, ஆனால் பதிமூன்று குடித்தனம், ஏனென்றால் எஃப்-2-இல் குருமூர்த்தியின் அம்மாவும் குருமூர்த்தியின் பெண்டாட்டியும் ஒரே வாசலுக்குள் இரண்டு அடுப்பு, இரண்டு வாஷிங் மெஷின். அந்த மருமகளின் பெயர் அர்ச்சனா என்று கட்டடத்துக்கே தெரியும், மாமியார் கத்துகிற கத்தலில். ஆறு கொடிக்குப் பதிமூன்று பேர் என்றால் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தாகிவிட்டது. நோட்டீஸ் போர்டில் செகரட்டரி ஒட்டிய அட்டவணையை மூன்று தடவை கிழித்தார்கள், யாருடைய மெரூன் சுடிதாரோ யாருடைய வேட்டியிலோ சாயம் இறக்கியது, போலீஸ் வரைக்கும் பேச்சு போனது. அதனால் கொடி. இன்றைக்கு யார் யாருக்கு என்று மேலே ஆறு பெயர், கீழே மிச்சம், 'நாளை' என்கிற பொத்தானை அழுத்தினால் வரிசை சுழன்று அடுத்த ஆறு பேர் மேலே வர வேண்டும். வருகிறார்கள். கூடவே ஒரு ஆள் கூடுதலாக வருகிறது. ஆப் எழுத நாங்கள் படிக்கும் ரியாக்ட் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை, திரையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரே ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் போதும், அதற்குப் பெயர் காம்போனென்ட், வேண்டிய இடத்தில் வேண்டிய தடவை அதையே கூப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு வரிக்கு எழுதினேன், பதிமூன்று பெயரைக் கொடுத்தேன், பதிமூன்று வரி நின்றது. ஜெஸிந்தா மேடம் இதை எங்களுக்கு அஞ்சறைப்பெட்டி என்று சொல்லிக்கொடுத்தாள். மாறிக்கொண்டே இருக்கும் விவரம் என்றால் அடுப்பில் இருக்கிற பாலாம், ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போகிற விவரம் என்றால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற கிண்ணமாம். பெண்கள் பேட்ச் என்றால் நாக்கில் தானாகச் சாம்பார் வந்துவிடும் போலிருக்கிறது. "மேடம், அடுப்படியை விட்டுட்டுத்தான் நாங்க இங்க வந்து உக்காந்திருக்கோம், எங்களுக்கு நேராவே சொன்னாப் புரியும்" என்று மூன்றாம் நாளே சொல்லிவிட்டேன். ஒன்பது பேரில் ஐந்து பேர் சமையல் குறிப்பு ஆப் செய்திருக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய. பொத்தானை இன்னொரு தடவை அழுத்துகிறேன், தெரியாமல்தான் அழுத்தினேன், சரி, தெரிந்துதான். பதினைந்து.

பதினைந்து. இப்போது எண்ணாமலே தெரிகிறது, பட்டியல் திரைக்குக் கீழே வழிந்து போகிறது. இவருக்குப் போன் செய்யலாம், இவர் என்ன சொல்வார், "இதையெல்லாம் இப்ப மெஷினே எழுதிடுதாமே, நீ எதுக்கு இந்த வயசுல கண்ணைக் கெடுத்துக்கறே" என்பார், போன மாதமும் அதைத்தான் சொன்னார். "தோசைகூடத்தான் மெஷின் சுடுது, அப்புறம் ஏன் என்னைக் கேக்கறீங்க" என்றேன், அதற்குப் பிறகு பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். இவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்காகப் படிக்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒன்பது பேரில் மூன்று பேர் பெயரை அந்தக் கம்பெனிக்கு அனுப்புவார்களாம், அனுப்பினால் அனுப்பட்டும், எனக்கு அது இல்லை. போன பிப்ரவரியில் பாத்திரக் கடையில் நின்றேன். முன்னால் ஆணியில் தொங்குகிறது, வட்டமாக, கம்பி வலையோடு, கைக்கு எட்டுகிற தூரத்தில். அதன் பெயர் வரவில்லை. கடைக்காரர் காத்திருக்கிறார். "அதான், அந்த, சலிக்கறது" என்றேன், எடுத்துக் கொடுத்துவிட்டார், அவருக்கு ஒன்றுமே இல்லை, ஒரு நாளைக்கு நூறு பேர் அப்படிக் கேட்பார்கள். ஆட்டோவில் பாதி வழி வந்தபிறகு சல்லடை என்று வந்தது. சல்லடை. மடிப்பாக்கம் வரும்வரை சல்லடை சல்லடை என்று சொல்லிக்கொண்டே வந்தேன், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அம்மாவுக்கு ஐம்பத்தொன்றில் ஆரம்பித்தது. எனக்கு வருகிற ஆவணியில் ஐம்பது. அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், நானூறு நம்பர் மனப்பாடமாக வைத்திருந்தாள், கலெக்டர் ஆபீஸ், மிஷன் ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, எதைக் கேட்டாலும் டைரக்டரியைத் திறக்க மாட்டாள். அவளுக்கு நம்பர்கள் கடைசி வரை இருந்தன. போனவை பெயர்கள். ஆனால் அது போவது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அம்மா மகா கெட்டிக்காரி, யார் வந்தாலும் "வாங்க வாங்க, எவ்வளவு நாளாச்சு, வீட்ல எல்லாரும் சௌக்கியமா" என்று பெயரே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசி காபி கொடுத்து அனுப்பிவிடுவாள், வந்தவர்கள் எல்லாம் என்ன மரியாதை, என்ன அன்பு என்று சொல்லிக்கொண்டு போவார்கள். இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினாள். ஒருநாள் என்னையும் "வாங்க வாங்க" என்றாள். அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. புதிதாக, கஷ்டமாக ஏதாவது படித்தால் மூளைக்கு நல்லது என்று பேப்பரின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார், புது மொழி ஒன்று கற்றுக்கொள்ளுங்கள் என்று. மனுஷர்களோடு பேச எனக்கு இருக்கிற மொழிகளே அதிகம். அதனால் இதில் வந்து சேர்ந்தேன். ஒப்பந்தம் இதுதான்: ஆறு மாதத்தையும் முடித்து, ஒரு ஆப்பை நானே எழுதி, மூன்று பேர் முன்னால் தடங்கல் இல்லாமல் காட்டிவிட்டேன் என்றால் எனக்கு ஒன்றுமில்லை. யாரோடு ஒப்பந்தம் என்று கேட்டால் தெரியாது. டாக்டரிடம் போகலாமே என்று கேட்டால், போகமாட்டேன், அவ்வளவுதான்.

சரி, பெயர்களை எழுதிவைத்திருக்கும் ஃபைலைத் திறக்கிறேன், குழப்பம் எங்கேயாவது இருந்தால் அங்கேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு அடித்தது. மிஸஸ் பத்மநாபன், அது நான். மிஸஸ் தாமோதரன். மிஸஸ் வரதராஜன். மிஸஸ் குருமூர்த்தி. குருமூர்த்தியின் அம்மா. மிஸஸ் என்றுதான் எனக்கு வரும், கான்வென்ட்டில் அப்படித்தான் பழக்கினார்கள், பெரியவர்களைப் பெயர் சொல்லக் கூடாது, அத்தை மாமி என்று உறவு கொண்டாடக் கூடாது, குட் ஆஃப்டர்நூன் மிஸஸ் இன்னார். சிஸ்டர் ஆக்னெட்டா ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த மரியாதை. மிஸஸ் அப்பாஸ். மிஸஸ் வரதராஜன். நில். இதோ. மிஸஸ் வரதராஜன் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. இரண்டு தடவை அடித்திருக்கிறேன். ஒரே மனுஷியை. அடித்தது நினைவில் இல்லை. வேண்டாம், இப்போது வேண்டாம், டைப் அடிக்கும்போது யாருக்கு வேண்டுமானாலும் வரும், ஞாயிற்றுக்கிழமை குக்கர் வேறு விசில் அடித்துக்கொண்டிருந்தது, எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து விட்ட இடம் தெரியாமல் இன்னொரு தடவை அடித்திருப்பேன், கோமளா வேறு அன்றைக்கு இங்கேதான் உட்கார்ந்து கடுகு மாதிரி பொரிந்துகொண்டிருந்தாள், எஃப்-3 கோமளா, மிஸஸ் வரதராஜன், அவள்தான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், அவள் பெயரை இரண்டு தடவை அடித்ததில் என்ன ஆச்சரியம். கீழே இருக்கிற மிஸஸ் வரதராஜனை அழிக்கிறேன். பக்கத்தைப் புதுப்பிக்கிறேன். பொத்தானை அழுத்துகிறேன். சுழல்கிறது, சுத்தமாக, ஒரு ஆள் கூடவில்லை. இன்னொரு தடவை. சுத்தம். இன்னும் இரண்டு தடவை. எண்ணுகிறேன், பன்னிரண்டு. பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு பெயர், முடிந்தது, மணி இரண்டு ஐம்பது, முகம் கழுவிக்கொண்டு புடவை மாற்றலாம், வீடியோவில் இடுப்புக்கு மேலேதான் தெரியும், ஆனாலும் புடவை புடவைதான். எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறேன். ஜன்னலில் புறா. எதிர்க் கட்டடத்தில் யாரோ பெட்ஷீட்டை உதறுகிறார்கள், சத்தம் தாமதமாக வருகிறது. பன்னிரண்டு நல்ல எண்ணிக்கை. இவருக்குக்கூடப் பிடிக்கும். டம்ளரைக் கவிழ்த்து வைக்கும்போது, பாதி கவிழ்த்த கையோடு, நிற்கிறேன். எஃப்-2-இல் இரண்டு பேர். பன்னிரண்டு வீட்டுக்குப் பதிமூன்று பெயர். காலையில் பதிமூன்று.

பட்டியலில் யாரோ இல்லை. திரைக்கு வந்து மாடி மாடியாகப் போகிறேன், முதல் மாடி, எஃப்-1 தாமோதரன், எஃப்-2 மாமியார் மருமகள், எஃப்-3 கோமளா, எஃப்-4 அப்பாஸ், சரி, அங்கே எல்லோரும் இருக்கிறார்கள். இரண்டாவது மாடி. எஸ்-1. எஸ்-1-இல் யார்? கதவு தெரிகிறது, கதவுக்கு வெளியே பச்சை மிதியடி தெரிகிறது, ஒரு பக்கம் மட்டும் நூல் பிரிந்த மிதியடி, கதவில் கொசுவலை தெரிகிறது. ஆள் தெரியவில்லை. காலியான வீடா? இல்லை, துணி வருகிறதே, மூன்றாவது கொடியில், எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே திருப்பிக் காயப்போடுவார்கள், கிளிப்பைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், அந்தக் கிளிப்பெல்லாம் வெயிலில் உடைந்து என் காலில் குத்தும். துணி தெரிகிறது, கிளிப் தெரிகிறது, ஆள் எங்கே. எத்தனை நொடி ஆகியிருக்கும், பத்து இருக்குமா, என் பின்கழுத்து வேர்த்துவிட்டது, ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது, நான் ஒரு மனுஷியைத் தேடிக்கொண்டிருக்கிறேன், பதினோரு வருஷமாக எனக்கு நேர் கீழே குடியிருக்கிற ஒரு மனுஷியை. லிஃப்ட். இன்று காலையில் பால் பாக்கெட்டோடு வந்தபோது லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கையில் கறிவேப்பிலைக் கட்டு, நைட்டி மேலே துப்பட்டா, இடது காதில் மட்டும் தோடு சாய்ந்திருக்கும். "வாங்க மேடம்" என்றாள். நான் "குட் மார்னிங் மிஸஸ் வரதராஜன்" என்றேன். மிஸஸ் வரதராஜன். அவளும் மிஸஸ் வரதராஜன். எஃப்-3-இல் பாங்க்கில் ரிட்டையரான வரதராஜன், எஸ்-1-இல் ரயில்வே வரதராஜன். இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது இந்தக் கட்டடத்தில் கூரியர்காரருக்குக்கூடத் தெரியும். நான் இரண்டு தடவை அடிக்கவில்லை, சரியாகத்தான் அடித்தேன், இன்றைக்குத்தான், இப்போதுதான், கால் மணி நேரத்துக்கு முன்னால், காலையில் முகத்துக்கு நேரே பார்த்துப் பேசிய ஒருத்தியை இல்லை என்று நினைத்து அழித்தேன். மணி மூன்றாகப்போகிறது. அழித்ததைத் திரும்பப் போடுகிறேன், பொத்தானை அழுத்துகிறேன், பதினான்கு, மூன்றாவது மிஸஸ் வரதராஜன் வந்து நிற்கிறாள், இந்தத் தடவை அவளைப் பார்க்கவே முடியவில்லை. போனை எடுத்து ஜெஸிந்தா மேடத்தை அழைக்கிறேன். "மேடம், நான் டபுளா போடலை. போட்டது ரெண்டு, வர்றது மூணு. அழுத்த அழுத்த ஏறிக்கிட்டே போகுது." "கன்சோல் திறந்தீங்களா?" "இல்லை." "ஏன்?" கன்சோல் என்றால் பக்கவாட்டில் திறந்துகொள்ளும் ஒரு ஜன்னல், நாம் செய்த தப்பையெல்லாம் அதில் சிவப்பில் எழுதிக்காட்டும், முதல் வாரத்திலிருந்தே நான் அதை மூடித்தான் வைத்திருக்கிறேன். பத்து வருஷம் சிவப்பு மையில் படித்தாகிவிட்டது, போதும். "திறக்கலை மேடம், அவ்வளவுதான்." "திறங்க. நான் லைன்லயே இருக்கேன். அரை மணி நேரம் இருக்கு, பயப்படாதீங்க." "யார் பயந்தா?" "சரி, நான்தான். திறங்க."

திறக்கிறேன். சிவப்பு, பக்கம் பக்கமாக, ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப. ஒரே கீயோடு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறது, அதன் பாஷையில் பிள்ளை என்றால் வரி, அவர்களைத் தனித்தனியாக அடையாளம் காண முடியாததால் சிலர் இரட்டித்துப் போகலாம், சிலர் விட்டுப் போகலாம் என்கிறது. எவ்வளவு பொறுமையாக, எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறதோ. "கீயில என்ன குடுத்திருக்கீங்க மேடம்?" என்கிறாள். வரிசையில் நிற்கிற ஒவ்வொரு வரிக்கும் ஒரு கீ கொடுக்க வேண்டும், ஒருவருக்கு ஒன்று, வேறு யாருக்கும் அது இருக்கக் கூடாது, வரிசை இடம் மாறினாலும் ரியாக்ட் அதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும், நாலாவது வாரத்துப் பாடம், அதற்கு ரேஷன் கார்டு என்று உதாரணம் சொன்னாள், அது ஒன்றுதான் உருப்படியான உதாரணம். "பேரு குடுத்திருக்கேன்." "ரெண்டு பேருக்கு ஒரே பேரா?" "ஒரே புருஷன் பேரு. ரெண்டு புருஷன், பேரு ஒண்ணு." அந்தப் பக்கம் சிரிப்பை விழுங்கும் சத்தம். "வீட்டு நம்பரைப் போடுங்க மேடம்." "எஃப்-2-ல மாமியார், மருமகள், ஒரு வீட்ல ரெண்டு அடுப்பு." "அப்ப ரெண்டையும் சேர்த்துப் போடுங்க, வீட்டு நம்பர், அப்புறம் பேரு. எஃப்-2 மிஸஸ் இன்னார், எஃப்-2 அம்மா. எங்கயும் இடிக்காது." எங்கேயும் இடிக்காது. வைத்துவிட்டாள். ஒரே ஒரு இடத்தில் மாற்றுகிறேன், பெயர் இருந்த இடத்தில் வீட்டு நம்பரையும் பெயரையும் ஒட்டி வைக்கிறேன், திரையிலும் அப்படியே தெரியும்படி செய்கிறேன், புதுப்பிக்கிறேன், அழுத்துகிறேன். பதிமூன்று. அழுத்துகிறேன். பதிமூன்று. கன்சோலில் ஒன்றுமே இல்லை, வெள்ளையாக இருக்கிறது, இத்தனை நாள் இந்த வெள்ளையைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். மணி மூன்று ஏழு. தப்பு என்னுடையதுதான், ஆனால் இது புத்தியோடு செய்த தப்பு, புருஷன் பெயரை ஒருவருக்கு ஒன்று என்று நினைத்தது, கம்ப்யூட்டர் படித்தவர்களே செய்வார்கள் என்று மேடமே முன்பு சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் எனக்கு ஒன்றுமில்லை. ஒப்பந்தப்படி இன்னும் டெமோ பாக்கி, ஆனாலும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எழுந்து புடவை எடுக்கிறேன், சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுக் கரை, கட்டிக்கொண்டிருக்கும்போது, கொசுவத்தைச் சொருகும்போது, அது வருகிறது, இவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மாதிரி வருகிறது: எஃப்-3 கோமளா. எஸ்-1?

எஸ்-1 பெயர் என்ன. தெரியவில்லை. தெரியவில்லை என்பதில் இரண்டு விதம் இருக்கிறது, எப்போதுமே தெரியாதது ஒன்று, தெரிந்திருந்து மறந்துபோனது ஒன்று, இரண்டும் உள்ளே ஒரே மாதிரி இருக்கின்றன, தொட்டுப் பார்த்தால் வித்தியாசமே இல்லை, சல்லடை மாதிரி கொஞ்சமாவது நாக்கு நுனியில் முட்டினால் தேவலை, இது முட்டவே இல்லை, வழவழவென்று சும்மா கிடக்கிறது. பதினோரு வருஷத்தில் கேட்காமலா இருந்திருப்பேன். குடிவந்த அன்றைக்குப் பால் காய்ச்சினார்கள், கூப்பிட்டாள், போனேன், இனிப்பு கொடுத்தாள், அப்போது நான் இன்னார் என்று சொல்லியிருப்பாள், யாரும் சொல்வார்கள். அடுத்த வருஷம் வெள்ளம், கீழே மார்பளவு தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை, பாதிக் கட்டடம் எங்கள் வீட்டில்தான் சமைத்துச் சாப்பிட்டது, அவள் என் பக்கத்திலேயே நின்று அண்டாவில் கிளறிக்கொண்டிருந்தாள், அவளுடைய தம்பிக்குக் கப்பலில் வேலை என்றாள், தனக்கு முருங்கைக்காய் ஒத்துக்காது என்றாள், கரண்டியின் பிடி எரிந்து கறுத்திருந்தது, மெழுகுவர்த்தி மேடையில் சொட்டியது, அதைச் சுரண்டியபோது நகம் பெயர்ந்தது, எல்லாம் இருக்கிறது, தம்பி இருக்கிறான், முருங்கைக்காய் இருக்கிறது. மூன்று நாள் தோளோடு தோள் நின்றவள் பெயரைச் சொல்லாமலா இருந்திருப்பாள். சொல்லியிருப்பாள். இருந்தது, போய்விட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான், விவரமெல்லாம் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் இருக்காது. வாங்க வாங்க. குட் மார்னிங் மிஸஸ் வரதராஜன். இந்த மிஸஸை நான் மரியாதைக்குச் சொல்கிறேனா, இல்லை அம்மாவின் வாங்க வாங்கவை நான் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கிறேனா. எப்போதிலிருந்து. கோமளாவைக் கேட்டால் சொல்லிவிடுவாள், ஆனால் கோமளாவுக்குத் தெரிவது பெயர்தான், நான் மறந்தேனா என்பது தெரியாது. அது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். கேட்டேன் என்றால், "அன்னைக்கே சொன்னேனே மேடம்" என்று சொல்லிவிட்டால், அப்புறம் மூன்றரைக்கு என்ன டெமோ, யாருக்கு டெமோ. கேட்காமல் இருக்கலாம். ஆப்புக்கு அந்தப் பெயர் வேண்டாம், எஸ்-1 மிஸஸ் வரதராஜன் என்று அழகாக வேலை செய்கிறது. மூன்று பதினெட்டு. கேட்காமல் இருந்தால் இன்றைக்குத் தப்பிக்கலாம், நாளைக்கும் தப்பிக்கலாம், அம்மா இரண்டு வருஷம் தப்பித்தாள். எனக்கு இந்த மாதிரிக் கோழைத்தனத்தைக் கண்டால் ஆகாது, மற்றவர்களிடம் என்றால் எப்போதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அசோசியேஷன் குரூப்பில் நம்பரைத் தேடுகிறேன், 'எஸ்-1 வரதராஜன் வீடு' என்று சேமித்திருக்கிறேன், அழுத்திவிட்டேன், அடிக்கிறது, கீழ்த் தளத்தில் அடிக்கிற சத்தம் தரை வழியாகவே கேட்கிறது. "ஹலோ." "நான் டி-1, மிஸஸ் பத்மநாபன்." "தெரியுது மேடம், சொல்லுங்க. கிளிப்பெல்லாம் எடுத்துட்டேனே." "கிளிப் இல்லை. கொடி லிஸ்ட்டுக்கு. உங்க பேரு வேணும்." "வரதராஜன்னுதானே போட்டிருப்பீங்க." "அது அவர் பேரு. உங்க பேரு." அங்கே குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது, அதை மூடுகிறாள். "பூங்கோதை." பூங்கோதை. உள்ளே தேடுகிறேன், எங்கேயாவது ஒட்டுகிறதா என்று, எங்கேயும் ஒட்டவில்லை, ஆனால் அதை நான் நம்ப முடியாது. "ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்கு முன்னாடி நீங்க எனக்கு உங்க பேரைச் சொல்லியிருக்கீங்களா?" "எப்போ?" "எப்பவாவது. குடிவந்தப்ப. வெள்ளத்தப்ப." "நான் எங்க சொன்னேன், நீங்க எங்க கேட்டீங்க. பால் காய்ச்சினப்ப இவரோட பேரைக் கேட்டீங்க, எந்த டிபார்ட்மென்ட்னு கேட்டீங்க. வெள்ளத்தப்ப மூணு நாளும் எஸ்-ஒன், எஸ்-ஒன்னுதான் கூப்பிட்டீங்க. எஸ்-ஒன், அந்த உப்பை எடுங்க. எங்க வீட்டுக்காரர் இப்பவும் அதைச் சொல்லிச் சிரிப்பார்." "நிஜமாவா? ஒரு தடவைகூடக் கேட்டதில்லையா?" "ஒரு தடவைகூட இல்லை மேடம்." "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." "இதுல யோசிக்க என்ன இருக்கு. மனசுல இருக்காதா அது." அவள் குரலில் பதினோரு வருஷம் மடித்து வைத்த ஏதோ ஒன்று லேசாகப் பிரிகிறது, நியாயமாக எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும், இருக்கிறது, காது சூடாகிறது, ஆனால் அதற்கு மேலே, அதையெல்லாம் தள்ளிக்கொண்டு, மூச்சு முழுசாக உள்ளே போகிறது, விலா எலும்பு வரைக்கும் போகிறது. "ரொம்ப சந்தோஷம்" என்கிறேன். "என்ன சந்தோஷம்?" என்கிறாள், என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும். "ஒண்ணுமில்லை பூங்கோதை, அப்புறமா நேர்ல வந்து சொல்றேன்." வைத்துவிட்டு உட்கார்கிறேன். ஃபைலைத் திறந்து மிஸஸ் வரதராஜனை எடுத்துவிட்டு அவள் பெயரை அடிக்கிறேன், ஜெஸிந்தா மேடம் அனுப்பிய இணைப்பைத் திறக்கிறேன், கேமராவில் என் முகம் வருகிறது, பொட்டு சற்றுக் கோணல், இருக்கட்டும். மூன்று இருபத்தெட்டு. பதினோரு வருஷமாக ஒருத்தியை மனுஷியாகவே மதிக்காமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். எனக்கு ஒன்றுமில்லை.